இரண்டு ஜமுக்காளமும் ஒரு கம்பளியும்

"சுத்தியலைத் தொடாதீங்க அண்ணாச்சி" என்று ஹரிகிருஷ்ணன் மறுபடியும் சொன்னான்.

கொத்தனார் கருத்தையா பைக்குள்ளிருந்து பாதி எடுத்த சுத்தியலைத் திரும்ப உள்ளே போட்டார். அது கரணையில் பட்டு லேசாகக் கிணுங்கியது. இரண்டு பேரும் சட்டென்று கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹரிகிருஷ்ணனின் மனைவி சத்தியபாமா சுவர்ப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண்களின் மேல் மடித்துப் போட்ட ஈரத்துணி. அந்தக் கிணுங்கலுக்கே அவள் கை சேலை நுனியை இறுக்கிப் பிடித்து, பிறகு மெல்ல விட்டது.

"ஆணி அடிக்காம குழாயை எதுல மாட்ட? அந்தரத்துலயா?" கருத்தையா வாய்க்குள்ளேயே கேட்டார்.

"அதுக்குத்தான உங்களைக் கூப்பிட்டேன். மேஸ்திரி நீங்கதான், சொல்லுங்க."

கருத்தையா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் கட்டியதுதான். முன்னறையின் சுவர் அந்த இடத்தில் மட்டும் ரோட்டுப் பக்கமாகப் பிதுங்கி வெளியே போயிருந்தது. எதிரே ஒரு பெரிய ஜன்னல், இரண்டு பக்கமும் சாய்வாக ஒவ்வொன்று. இடுப்பு உயரத்தில் ஆரம்பித்துக் கூரையைத் தொடுகிற மாதிரி மூன்று பக்கமும் கம்பியும் கண்ணாடியும். கோவில்பட்டியின் இந்தப் பக்கத்துத் தெருக்களில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது. தெருவே அதைக் 'கூண்டு' என்றுதான் சொன்னது.

கேட்டு வாங்கியது சத்தியபாமா. மில் மேனேஜர் பங்களாவுக்கு ஜாக்கெட் அளவெடுக்கப் போனவள் அங்கே அதைப் பார்த்துவிட்டு வந்தாள். "கீழ ஒரு ஊசி கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியுது. அப்படி ஒரு வெளிச்சம்" என்று ஒரு வாரம் அதையே பேசினாள். ஹரிகிருஷ்ணனுக்கு அதில் இஷ்டமில்லை. அவனுடைய அப்பா, ஆடு மேய்த்துக் காடுகளில் படுத்துப் பழகிய மனுஷர், "வீடுன்னா நாலு சுவர் வேணும்டா. இது என்ன, குரங்கு வளக்கவா?" என்று கேட்டார். கருத்தையாவும் செலவைச் சொல்லிப் பயமுறுத்திப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் ஜன்னல் வந்தது. ஜன்னலுக்குள் தையல் மிஷின் வந்தது. விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை அவள் அதற்குள்தான் இருந்தாள். கரண்டு போனால் மற்ற டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவளுக்கு அந்தக் கவலையே கிடையாது. மத்தியான வெயில் உள்ளே வந்து விழுகிறதே, ஒரு திரையைப் போடேன் என்று யாராவது சொன்னால், "மறைக்கதுக்கா இம்புட்டுக் கண்ணாடியும் வாங்கிப் போட்டேன்?" என்பாள்.

போன தீபாவளி சமயத்தில்தான் ஊசியின் காது சின்னதாகிவிட்டது என்று சொல்ல ஆரம்பித்தாள். பிறகு தலைவலி. பிறகு காரணமில்லாத வாந்தி. மதுரையில் தலையைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஹரிகிருஷ்ணனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். திறந்து எடுக்கிற இடத்தில் கட்டி இல்லை என்றார். இன்னும் கொஞ்ச நாள் இங்கே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பெரிய மாற்றம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார். சத்தியபாமா, "வீட்டுக்குப் போவோங்க" என்றாள். அவன் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் வெளிச்சம் அவளுக்கு எதிரியானது தெரிந்தது. கண்ணைத் திறந்தால் ஊசி ஏறுகிற மாதிரி இருக்கிறது என்றாள். சத்தமும் ஒத்துக்கொள்ளவில்லை.

எட்டயபுரத்திலிருந்து வந்த அவளுடைய அக்கா சந்தனமாரி வீட்டுக்குள் நுழைந்ததுமே வழியைச் சொல்லிவிட்டாள். பின்னால் பருத்திக்கொட்டை மூட்டை அடுக்குகிற அறை இருக்கிறது. ஜன்னலே கிடையாது. கட்டிலைத் தூக்கி அங்கே போட்டால் தீர்ந்தது.

"அங்கன போட்டீங்கன்னா எந்திரிச்சு வந்துருவேன்" என்றாள் சத்தியபாமா. அப்போது அவளால் தலையைத் தூக்கக்கூட முடியாது.

ஹரிகிருஷ்ணன் கட்டிலை நகர்த்தவில்லை. முதலில் அவளுடைய சேலைகளைக் கட்டிப் பார்த்தான். சித்திரை வெயிலுக்கு அது மல்லுத்துணி மாதிரி ஆகி வெளிச்சத்தை உள்ளே விட்டது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அட்டை வாங்கி வந்து கம்பியில் செருகினான். இருட்டு வந்தது. ஆனால் காற்று அடிக்கும்போதெல்லாம் அட்டை படபடவென்று அடித்துக்கொண்டது, ஒவ்வொரு அடிக்கும் அவள் முகம் சுருங்கியது. கடைத்தெருவில் கனத்த திரைத்துணி விலை கேட்டான். மூன்று பக்கத்துக்கும் எவ்வளவு வரும் என்று கடைக்காரர் கணக்குப் பார்க்கத் தொடங்கும்போதே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டான். பால் சொசைட்டியில் அவன் வாங்குகிற சம்பளம் மதுரை ஆஸ்பத்திரியோடு போய்விட்டிருந்தது.

ஜமுக்காளத்தைச் சொன்னவள் சத்தியபாமாதான். நேற்றுச் சாயந்திரம் ஈரத்துணிக்கு அடியிலிருந்து, "பரண்ல நம்ம கல்யாணத்துச் சமுக்காளம் ரெண்டு கிடக்குல்லா?" என்றாள். "அதைத் தொங்கவிடுங்க. சூரியனே வந்தாலும் அதைத் தாண்டி வராது. மூணாவது பக்கத்துக்கு மாமாவோட கம்பளி."

ஸ்பிரிங் கம்பி அந்தக் கனத்தைத் தாங்காது. குழாய் வேண்டும். குழாய் நிற்கச் சுவரில் பிடிமானம் வேண்டும். பிடிமானத்துக்குச் சுவரை உடைக்க வேண்டும்.

கருத்தையா துண்டைத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

"முட்டுக் கொடுத்துருவமா?"

"என்னது?"

"சென்ட்ரிங் அடிக்கும்போது கூரைக்கு முட்டுக் கொடுப்போம்லா. அது மாதிரி நாலு மூலைக்கும் நாலு சவுக்குக் கம்பு. தரைக்கும் தளத்துக்கும் நடுவுல இறுக்கி நிறுத்திட்டா குழாயை அதுல கட்டிக்கிடலாம். ஆணியும் வேண்டாம், அடியும் வேண்டாம்."

கம்புகளைத் தெருமுனையில் வைத்தே அறுத்தார்கள். ரம்பச் சத்தம் வீட்டுக்குள் கேட்கக் கூடாது என்று ஹரிகிருஷ்ணன் அங்கேதான் போகச் சொன்னான். ஒவ்வொரு கம்பின் இரண்டு முனையிலும் சாக்குத்துணியைச் சுற்றிக் கட்டினார்கள். கம்பை நிறுத்தி அடியில் ஆப்பை வைத்ததும், கருத்தையா சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலால் அதை அழுத்தினார். சுத்தியல் ஒரே அடியில் செய்கிற வேலையை ஐம்பத்தைந்து வயது உடம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தது. அவர் நெற்றி நரம்பு புடைத்தது. கம்பு ஒரு முனகலோடு இறுகி நின்றது.

"ஆட்டிப் பாருங்க."

ஹரிகிருஷ்ணன் ஆட்டிப் பார்த்தான். கல்லாக நின்றது.

நாலு கம்பும் நின்றபோது அந்த இடம் வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இருந்தது போலவே ஆகிவிட்டது. பழைய அடிபம்புக் குழாயை மூன்று துண்டாக அறுத்து வாங்கி வந்திருந்தான். மூன்றையும் மேலே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். கருத்தையா கூலியைப் பற்றிப் பேசவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது, "ஒரு நாளும் இந்தப் பிள்ளை என்னைக் காப்பி குடிக்காம அனுப்பினதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

தைக்கிற வேலை பின்னறையில் நடந்தது. மிஷினை ஓட்ட முடியாது, கையால்தான் தைக்க வேண்டும். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய காக்கித் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்து, குழாயில் கோர்க்கிற காதுகளாக மடித்துக் கொடுத்தாள் சந்தனமாரி. ஜமுக்காளத்தின் ஓரத்தில் கோணி ஊசியால் அவற்றைத் தைத்தான் ஹரிகிருஷ்ணன். மூட்டைகளின் மேல் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதில் முதல்முறையாக ஊசி பிடிக்கிறான். ஊசி மடிப்பில் இறங்க மறுத்தது.

"இந்த ரூமு எப்படிக் குளுகுளுன்னு இருக்கு பாருங்க" என்றாள் சந்தனமாரி, குரலைத் தணித்துக்கொண்டு. "இங்கன போட்டுருந்தா இந்தக் கூத்தெல்லாம் வேணுமா தம்பி?"

அவன் நூலை இழுத்தான்.

"அவ என்ன சொன்னாலும் தலையாட்டுதீங்க. அப்பமும் அப்படித்தான். வீட்டுக்குப் போவோம்னு அவ சொன்னா, மறுநிமிஷம் வண்டி பேசிட்டீங்க. நோயாளி சொல்லுததை எல்லாம் கேக்க முடியுமா? இன்னுங் கொஞ்ச நாள் அங்கன வச்சுப் பாத்துருக்கலாம். மெட்ராஸுக்குக் கொண்டு போயிருக்கலாம். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா?"

"டாக்டரே சொல்லிட்டாரு மதினி."

"டாக்டரு சொல்லுவாரு. அவரு கூடப்பிறந்தவளா அங்கன கிடந்தா?"

ஊசி வழுக்கி அவன் கட்டைவிரலில் இறங்கியது. அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் கோபம்தான் இருந்தது.

"வித்துருக்கலாம்" என்றாள் அவள். "இந்த வீட்டை வித்தாவது பாத்துருக்கலாம்."

வீட்டை விற்பதைப் பற்றி அவன் பேசாமல் இல்லை. மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு நாள் முழுக்க அதைத்தான் பேசினான். சத்தியபாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில், "வித்துட்டு என்னை எங்கன கொண்டு போய்ப் படுக்க வைப்பீங்க?" என்றாள். அதை இப்போது சந்தனமாரியிடம் சொல்லலாம். சொன்னால் பழி சத்தியபாமா தலையில் போய் விழும். அவன் ஊசியில் திரும்ப நூலைக் கோர்த்தான்.

"அக்கா" என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. சன்னமான குரல், ஆனால் தெளிவாக இருந்தது.

இருவரும் அப்படியே நிறுத்தினார்கள்.

"காதை ஒரு சாணுக்கு ஒண்ணா வை, அக்கா. தூரத் தூரமா வச்சா நடுவுல தொங்கிப் போகும்."

சந்தனமாரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு நேரமும் பேசியது எல்லாம் அங்கே கேட்டிருக்கிறது. பிறகு தலைப்பை எடுத்துவிட்டு, "சரிம்மா" என்றாள். அதன்பிறகு காதுகளைச் சாணுக்கு ஒன்றாக அளந்து வைத்துத் தைத்தார்கள்.

வெயில் மேற்கே திரும்பும் முன்னால் மாட்டிவிட வேண்டும் என்று ஹரிகிருஷ்ணன் அவசரப்பட்டான். ஜமுக்காளம் ஒவ்வொன்றும் நனையாமலே ஒரு ஆள் கனம் கனத்தது. ஸ்டூல் மேல் நின்று குழாயின் கயிற்றை ஒரு பக்கம் அவிழ்த்து, காதுகளை ஒவ்வொன்றாகக் கோர்த்து, சந்தனமாரி கீழிருந்து தோளில் தாங்கிக்கொள்ள, திரும்பவும் குழாயை ஏற்றிக் கட்டினான். முதல் ஜமுக்காளம் இறங்கியதும் எதிர்ச்சுவர் மங்கியது. இரண்டாவது இறங்கியதும் மிஷினும் அலமாரியும் வெறும் உருவங்கள் ஆயின. மூன்றாவது பக்கத்தில் கம்பளியைக் கட்டினான். கருப்பு ஆட்டு மயிரில் நெய்த தடித்த கம்பளி. எத்தனையோ மழைக்காலம் பார்த்தது. விரித்ததும் அறையெங்கும் அதன் மணம் எழுந்தது.

"யாரு, மாமாவா?" என்றாள் சத்தியபாமா.

ஹரிகிருஷ்ணன் ஸ்டூல் மேல் நின்றபடி திரும்பினான். அப்பா போய் நாலைந்து வருஷம் ஆகிறது.

"ஆட்டுமணம் வருதுல்லா, அதான் கேட்டேன்" என்றாள். அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது. "அவியளுக்கு என் கூண்டைக் கண்டாலே ஆகாது. இப்ப அவிய கம்பளியே அதுல தொங்குது."

கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு அவன் கீழே இறங்கினான். அறை இருட்டிவிட்டது. பின்னறை இருட்டு மூச்சு முட்டுகிற இருட்டு. இது வேறு மாதிரி இருந்தது. திரைகளுக்குப் பின்னால் ஜன்னல் திறந்துதான் இருந்தது. காற்று வந்து ஜமுக்காளத்தின் அடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, முடியாமல் தரையோரமாகப் புகுந்து வந்தது.

சத்தியபாமா கையைத் தூக்கி ஈரத்துணியை எடுத்தாள். கண் உடனே திறக்கவில்லை. இமைகள் துடித்தன. பிறகு திறந்தது. மேலே தளத்தைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். கம்புகளைப் பார்த்தாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்ற அவனைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தாடி எப்ப இப்படி நரைச்சுது உங்களுக்கு?"

அவன் தாடையைத் தடவிக்கொண்டான். "சவரம் பண்ணலைல்லா, அதான் தெரியுது."

"அக்கா, நீ ஏன் இம்புட்டு மெலிஞ்சுட்ட? சாப்பிடுதியா இல்லியா?"

சந்தனமாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தங்கையின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கேன்ட்டி. இருட்டுல உனக்கு அப்படித் தெரியுது."

"அந்த நடு இடுக்குல பாருங்க, கோடு மாதிரி வருது."

இரண்டு ஜமுக்காளமும் சேருகிற இடத்தில் நூல் போல வெளிச்சம் விழுந்தது. அவன் துணி காயப்போடுகிற கிளிப்பை எடுத்து வந்து மேலிருந்து கீழ்வரை மாட்டினான். கோடு மறைந்தது.

"சரியாப் போச்சா?"

"ம். நல்லாருக்கு." கொஞ்சம் தண்ணீர் கேட்டாள். இரண்டு மடக்கு இறங்கியது. "வெளிய போய் ரோட்டுல இருந்து ஒரு தடவை பாருங்க. சமுக்காளத்தோட அடிப்பக்கம் வெளிய தெரிஞ்சா சனம் சிரிக்கும். டெய்லர் வீடு பாத்துக்கிடுங்க."

"இப்ப அது ரொம்ப முக்கியம்" என்றாள் சந்தனமாரி.

"பாத்துட்டு வாரேன்" என்று ஹரிகிருஷ்ணன் வெளியே வந்தான்.

வெயில் கண்ணில் அறைந்தது. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கத்துச் சுவரோரம் போய் நின்று திரும்பிப் பார்த்தான். கம்பிகளுக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஜமுக்காளம் தெரிந்தது. நல்ல பக்கம்தான் வெளியே இருந்தது. தெற்கே கம்பளி கன்னங்கரேலென்று, புன்செய்க்காட்டில் ஒரு துண்டு வெட்டி எடுத்து ஒட்டினது மாதிரி இருந்தது. யாரும் சிரிக்கமாட்டார்கள். அப்படியே போய்ச் சொல்லலாம்.

அடுத்த வீட்டுப் பத்திரகாளி குடத்தோடு வந்தவள் நின்றாள். "என்ன அண்ணாச்சி, கூண்டை மூடிட்டீங்க?"

"வெயிலு."

"மதினிக்கு எப்படி இருக்கு?"

"இப்பத்தான் கண்ணைத் திறந்து பாத்தா. பேசுதா."

"பேசட்டும், பேசட்டும். நல்லாயிருவாவ" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். எட்டயபுரம் பஸ் ஒன்று வந்தது. ஹாரன் அடிக்க வேண்டாமென்று அவன் அனிச்சையாகக் கையைத் தூக்கினான். டிரைவர் தெரிந்தவர்தான், அடிக்காமல் போனார். மதுரையிலிருந்து வந்தபிறகு இப்படி ஒரு வேலையும் இல்லாமல் தெருவில் நின்றது இதுதான் முதல் தடவை. அவன் இன்னும் கொஞ்சம் நின்றான். பிறகு ரோட்டைத் தாண்டி வீட்டுக்குள் நுழைந்தான்.

ஒன்றுமே தெரியவில்லை. வெயிலைப் பார்த்த கண்ணுக்கு அறை வெறும் கருப்பாக இருந்தது. அதில் பச்சையும் சிவப்புமாக வட்டங்கள் நீந்தின. ஸ்டூலில் இடித்துக்கொள்வோம், சத்தம் வந்துவிடும் என்று வாசற்படிக்கு உள்ளே அப்படியே நின்றுவிட்டான்.

"நல்ல பக்கந்தான் வெளிய இருக்கு பாமா" என்றான். "ஜோராத்தான் இருக்கு."

பதில் இல்லை. தூங்கியிருப்பாள் என்று நினைத்தான்.

"தம்பி" என்றாள் சந்தனமாரி. "உள்ள வாங்க."

"கண்ணு தெரியலை மதினி. இருங்க."

"பைய வாங்க."

குரலில் ஏதோ இருந்தது. அவன் கண்ணைக் கொட்டிக்கொண்டு காத்திருந்தான். நட்டிருந்த கம்பு ஒன்று முதலில் தெரிந்தது. பிறகு கட்டில் விளிம்பு. பிறகு சந்தனமாரியின் வெளிறிய சேலை. அவள் இப்போது கால்மாட்டில் இல்லை. தலைமாட்டில் இருந்தாள். தங்கையின் தலை அவள் மடியில் இருந்தது. அவளுடைய ஒரு கை அந்தக் கண்களின் மேல் இருந்தது. அழுத்தாமல், வெயிலுக்கு மறைப்புக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கை எதற்காக அங்கே இருக்கிறது என்பது அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்தது.

"இப்பத்தான்" என்றாள் சந்தனமாரி. "ஒண்ணும் சொல்லலை. ஒரு பெருமூச்சு விட்டா."

அவன் போய்த் தரையில் உட்கார்ந்தான். அவர்கள் இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடாமல் இருப்பது அந்த வீட்டில் பழகிப்போயிருந்தது. பக்கத்து வீட்டுக்குச் சொல்ல வேண்டும், திருப்பூரில் இருக்கிற மகனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேச வேண்டும் என்பதெல்லாம் ரொம்ப நேரம் கழித்துத்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது.

பிறகு எல்லாம் அதனதன் போக்கில் நடந்தன. சொந்தக்காரர்கள் வந்தார்கள். வாசலில் பந்தல் போட்டார்கள். மகன் வரட்டும் என்று மறுநாளைக்கு வைத்துக்கொண்டார்கள். கட்டிலை எடுத்துவிட்டுத் தெற்கே தலைவைத்துக் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். காலையில் ஆட்கள் கூடியதும், வாசலில் உட்காரப் பாய் போதவில்லை என்று ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "அந்தா ரெண்டு சமுக்காளம் சும்மாதான தொங்குது. அதைக் கழட்டி விரிங்கப்பா."

ஹரிகிருஷ்ணன் வாயைத் திறப்பதற்குள், பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சந்தனமாரி தலையைத் தூக்கினாள்.

"அதைத் தொடாதீங்க சித்தப்பா. பந்தக்காரன்கிட்ட கேளுங்க, தருவான்."

பெரியவர் பந்தல்காரனைத் தேடிப் போனார்.

மகன் மாயகிருஷ்ணன் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பையைத் தோளிலேயே போட்டுக்கொண்டு உள்ளே வந்தவன் வாசற்படியில் தடுமாறினான். டியூப் லைட்டைப் போடச் சொன்னான். கரண்டு இல்லை. "என்னப்பா இது, ஏன் இப்படி இருட்டா இருக்கு? அம்மா முகம் தெரியலை" என்று அழுதுகொண்டே ஜன்னல் பக்கம் போனான். என்னவென்று யாரும் சொல்வதற்கு முன்னால் கிளிப்புகளைப் பிடுங்கி, ஜமுக்காளத்தை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கமாக இழுத்தான். வெளிச்சம் பாளமாக வந்து விழுந்தது.

"ஏலே மூடு!" என்று கத்தினான் ஹரிகிருஷ்ணன். "மூடுலே! அம்மாவுக்குக் கண்ணு..."

எல்லா அழுகையும் நின்றது. மாயகிருஷ்ணன் ஜமுக்காளத்தைப் பிடித்தபடி அப்பாவைத் திரும்பிப் பார்த்தான்.

வெளிச்சம் நேராகச் சத்தியபாமாவின் முகத்தில் கிடந்தது. மஞ்சள் பூசி, பெரிய குங்குமம் வைத்த முகம். ஹரிகிருஷ்ணன் நெற்றியைப் பார்த்தான். புருவத்துக்கு நடுவே இத்தனை நாளும் பிரியாமல் கிடந்த சுருக்கம் இல்லை. வெயில் இமைமேல் விழுந்திருந்தும் இமை துடிக்கவில்லை. அவன் இன்னும் ஒரு அடி கிட்டப் போய்ப் பார்த்தான்.

"சரி" என்றான். "இருக்கட்டும். திறந்தே இருக்கட்டும்."

மத்தியானத்துக்குள் எடுத்துவிட்டார்கள்.

பால் தெளித்துவிட்டு வந்த அன்றைக்குக் கருத்தையா கம்புகளை எடுக்க வந்தார். வேறொரு வீட்டில் தளம் போடுகிறார்களாம், தேவைப்படுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஹரிகிருஷ்ணன் அவரோடு சேர்ந்து குழாய்களை அவிழ்த்து, ஜமுக்காளத்தையும் கம்பளியையும் உருவி எடுத்தான். ஆப்புகள் இறுகிப்போயிருந்தன. காலால் உதைத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. கருத்தையா அவனைப் பார்த்தார். அவன் தலையை அசைத்தான். அவர் பைக்குள்ளிருந்து சுத்தியலை எடுத்து ஒரே போடாகப் போட்டார். வீடு அதிர்ந்தது. பின்னறையிலிருந்து சந்தனமாரி ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

வீட்டில் இருந்த துணி எல்லாவற்றையும் அலசியாக வேண்டும். குழாயில் தண்ணீர் வந்து நாளாயிற்று. ஜமுக்காளம் இரண்டையும் கம்பளியையும் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு ஹரிகிருஷ்ணன் ஊருக்கு வெளியே பம்புசெட்டுக்குக் கிளம்பினான். "ஒத்தையாளா அதைப் பிழிய முடியாது" என்று சந்தனமாரியும் பின்னாலேயே நடந்து வந்தாள். மறுநாள் அவள் எட்டயபுரம் போக வேண்டும்.

அறுவடை முடிந்த கரிசல் கண்ணுக்கு எட்டியவரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. தொட்டியில் முக்கி, கல்லில் போட்டு, இரண்டு பேரும் மாறி மாறி மிதித்தார்கள். முதலில் தண்ணீர் கருப்பாக வந்தது. பிறகு கொஞ்சம் சிவப்புச் சாயம் வந்தது. பிறகு தெளிந்தது. தண்ணீர் குடித்த ஜமுக்காளத்தைத் தூக்கி வரப்புக்குக் கொண்டுவருவதற்குள் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்று முறுக்கினார்கள். ஜமுக்காளம் உருண்டுகொண்டே இருந்தது, முறுக்கு ஏறவில்லை.

"தம்பி, நான் திருப்புத பக்கமே நீங்களும் திருப்பினா எப்படிப் பிழியும்?" என்றாள் சந்தனமாரி. "மாத்தித் திருப்புங்க."

அவன் கையை மாற்றிப் பிடித்தான்.

"மதுரையில..." என்று ஆரம்பித்தான்.

"கையை விட்டுராதீங்க" என்றாள் அவள். "இறுக்கிப் பிடிச்சுக்கிடுங்க."

அவன் இறுக்கிப் பிடித்தான். இருவரும் ஒரு அடி பின்னால் நகர்ந்து, உடம்பைச் சாய்த்து, முறுக்கினார்கள். நடுவில் தண்ணீர் தாரையாகக் கொட்டியது. கீழே இருந்த வெடிப்புக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. தாரை மெலிந்து சொட்டானது.

"இன்னும் இருக்கு" என்றாள்.

மறுபடியும் முறுக்கினார்கள்.